மனத்தின் கணக்கு: தோமஸ் லிப்டனும் நமது மலைகளும்

கையிலுள்ள காசைச் செலவிடும்பொழுது மனிதன் கணக்குப் பார்த்தே செலவிடுகிறான் என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. பள்ளிக்கூடங்களில் நாம் கற்பிக்கும் எண்கணிதமும் இந்த நம்பிக்கையின் மேல்தான் எழுந்து நிற்கிறது. ஓர் இறாத்தல் சீனி இன்ன விலையென்றால் ஐந்து இறாத்தலின் விலை யாது என்று மாணவனைக் கேட்கிறோம். அதற்கு விடை ஒன்றே. ஆனால் அதே மாணவன் மாலையில் தாயுடன் கொஸ்லாந்தைக் கடைவீதிக்குச் சென்று பார்ப்பானாயின், அங்கே கணக்கு வேறு விதமாக நடப்பதைக் காண்பான். ரொக்கத்துக்கு வாங்குகிறவள் ஒவ்வொரு சதத்தையும் எண்ணிப் பார்க்கிறாள். கொப்பியில் எழுதி வாங்குகிறவளுக்கு அதே பொருள் பாரமாகத் தோன்றுவதில்லை. சம்பள நாளில் கையில் வந்த ஐந்நூறு ரூபாவும், மகன் கொழும்பிலிருந்து அனுப்பிய ஐந்நூறு ரூபாவும் எண்ணிக்கையில் ஒன்றாயினும் மனத்தில் ஒன்றல்ல. முதலாவது அரிசிக்கு உரியது. இரண்டாவது திருவிழாவுக்கு உரியது.

இந்த மனக்கணக்கை அறிஞர்கள் அண்மைக் காலத்தில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். டானியல் கானமன், அமொஸ் ற்வேர்ஸ்கி என்னும் இருவர் 1970களில் இத்துறைக்கு அடித்தளமிட்டனர். கானமன் 2002ஆம் ஆண்டிலும், அவர்களைப் பின்பற்றிப் பணத்தை மனிதர் எவ்வாறு தனித்தனி மடிகளில் முடிந்து வைத்து எண்ணுகின்றனர் என்று காட்டிய ரிச்சர்ட் தேலர் 2017ஆம் ஆண்டிலும் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். எனினும், இந்த ஆராய்ச்சிகள் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஏட்டுப் படிப்பு அதிகமில்லாத ஒரு மளிகைக் கடைக்காரர் இவற்றையெல்லாம் தமது கடை மேசையிலே கற்றுத் தேர்ந்திருந்தார். அவரே சேர் தோமஸ் லிப்டன்.

மீரியபெத்தவில் வாழும் எனக்கு அவர் அந்நிய தேசத்துச் செல்வர் மட்டுமல்லர். எங்கள் மலைகளுக்கு வடமேற்கே, தம்பேத்தன்னைத் தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், அவர் அமர்ந்து தமது நிலங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் இடம் இருக்கிறது. லிப்டன் சீட் என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் அவருடைய உருவச்சிலையும் உண்டு. தினந்தோறும் பயணிகள் சென்று அச்சிலையருகே அமர்ந்து படம் எடுத்துக்கொள்கின்றனர். அச்சிலைக்குரியவர் யார், அவருடைய வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது யாது என்று சிந்திப்போர் மிகச் சிலரே. ஆசிரியர்களும் மாணவர்களும் அதனைச் சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மளிகைக் கடையின் மகன்

லிப்டன் 1848ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தாம் பிறந்த ஆண்டு 1850 என்றே அவர் பிற்காலத்தில் சொல்லி வந்தார். தம் வயதைக்கூட அழகிய எண்ணாக அமைத்துக்கொள்ளும் ஆசை அவருக்கு இருந்தது போலும். அவருடைய பெற்றோர் அயர்லாந்தின் வட பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். பஞ்சத்தினால் ஊரை விட்டுப் பெயர்ந்தோர் மலிந்திருந்த காலம் அது. இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் நம் முன்னோர் கண்டிச் சீமைக்குப் புறப்பட்டதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். இந்த ஒப்புமையைப் பின்னர் நினைவிற் கொள்வோம்.

கிளாஸ்கோவின் ஏழைகள் வாழும் பகுதியொன்றில் அவருடைய பெற்றோர் சிறு மளிகைக் கடை வைத்தனர். வெண்ணெய், முட்டை, பன்றியிறைச்சி ஆகியன விற்ற கடை. சிறுவன் தோமஸ் அங்கேயே தனது முதற் பாடத்தைக் கற்றான் என்று ஒரு கதை வழங்கி வருகிறது. தந்தையின் கைகள் பெரியவை. தாயின் கைகள் சிறியவை. ஆகவே முட்டைகளைத் தாயே எடுத்துக் கொடுக்க வேண்டும், சிறிய கையில் முட்டை பெரிதாகத் தோன்றும் என்று சிறுவன் தந்தைக்கு யோசனை கூறினானாம். கதை முழுவதும் உண்மையோ அன்றோ, அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் அதுவே முகவுரை எனலாம். முட்டையின் நிறை மாறவில்லை, விலை மாறவில்லை, அதன் பக்கத்தில் இருப்பது மட்டுமே மாறியது. மனம் பொருளைத் தனியே அளப்பதில்லை, அருகிலுள்ளதைக் கொண்டே அளக்கிறது என்ற உண்மை அதில் அடங்கியிருக்கிறது.

பதின்மூன்று வயதளவில் படிப்பை விட்ட தோமஸ், கடையொன்றில் ஏவலாளாகவும் பின்னர் கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்டுக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலில் பணியாளாகவும் உழைத்தான். 1860களின் நடுவில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டான். வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவில் நெல் வயலிலும் கூலியாக வேலை செய்தான். பிறகு தோட்டங்களுக்கு முதலாளியான ஒருவர், தாமே தோட்டக் கூலியாக இருந்தவர் என்பதை நம்மவருட் பலர் அறியார். இறுதியில் நியூயோர்க் நகரின் பெரிய பண்டசாலையொன்றில் மளிகைப் பகுதியில் வேலை கிடைத்தது. சாமான்களை அடுக்கும் முறை, கடையின் ஒளி, விளம்பரத்தின் வலிமை ஆகியவற்றை அங்கேதான் கண்டுகொண்டான். ஐந்தாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தின் பின், சேமித்த பணத்துடனும் தாய்க்கென ஒரு ஆடுநாற்காலி, ஒரு பீப்பாய் மாவு ஆகியவற்றுடனும் ஊர் திரும்பினான்.

கண்ணுக்கு விற்றல்

1871ஆம் ஆண்டு மே மாதம் ஸ்டொப்குறொஸ் வீதியில் லிப்டனின் முதற் கடை திறக்கப்பட்டது. பளிச்சென்ற விளக்குகள், துடைத்து மினுக்கிய மேசை, வெள்ளை மேலங்கி அணிந்த முதலாளி. அக்காலத்து மளிகைக் கடைகள் இருளும் புழுதியும் நிறைந்தவை. சுத்தமான கடையிலுள்ள பொருளும் சுத்தமானது என்று மனம் தானே முடிவு செய்துகொள்ளும் என்பதை லிப்டன் அறிந்திருந்தார்.

அவருடைய விளம்பரங்கள் நகரத்தைச் சிரிக்க வைத்தன. கொழுத்த பன்றிகளை அலங்கரித்து, இவை லிப்டனிடம் அடைக்கலம் தேடிச் செல்லும் அநாதைகள் என்று எழுதிய கொடியுடன் வீதி வழியே ஊர்வலம் விட்டார். கடையின் வெளியே இரண்டு கண்ணாடிகளை வைத்தார். ஒன்றில் பார்த்தவர் எலும்பும் தோலுமாகத் தெரிவர். மற்றதில் பார்த்தவர் கொழுகொழுவென்று தெரிவர். முதலாவது கடைக்குள் போகுமுன் உள்ள நிலை, இரண்டாவது வெளியே வந்த பின் உள்ள நிலை என்பது வேடிக்கை. சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தவன் பேரம் பேசுவதில்லை.

இவற்றிலும் நுட்பமானது அவர் 1870களில் அச்சிட்ட லிப்டன் நோட்டு. பார்வைக்கு ஒரு பவுண் வங்கி நோட்டைப் போலவே அது அமைந்திருந்தது. வேறிடங்களில் ஒரு பவுண் பெறுமதியான சாமான்களைத் தமது கடையில் பதினைந்து ஷில்லிங்குக்குத் தருவதாக அதில் எழுதியிருந்தது. அச்சடித்த தாள் உண்மைப் பணத்தை மிகவும் ஒத்திருந்தமையால், சிலர் அதனைப் பணமாகவே கைமாற்றி வழக்குகளும் எழுந்தன. இங்கே கவனிக்கற்பாலது யாதெனில், வாங்குபவன் மனத்தில் முதலில் ஒரு பவுண் என்ற எண் ஊன்றப்படுகிறது. அதன் பிறகு வரும் பதினைந்து ஷில்லிங் சிறியதாகத் தோன்றுகிறது. அந்தச் சாமானுக்குப் பதினைந்து ஷில்லிங் தகுமா என்ற கேள்வி எழுவதேயில்லை. முதலிற் கேட்ட எண் நங்கூரம் போல மனத்தைப் பிணித்து வைக்கிறது என்று ற்வேர்ஸ்கியும் கானமனும் 1974ஆம் ஆண்டில் எழுதியதை, கிளாஸ்கோ மளிகைக்காரர் நடைமுறையில் முன்னரே செய்து காட்டிவிட்டார். இன்று நமது பட்டணங்களில் பழைய விலையை அடித்துவிட்டுப் புதிய விலையைச் சிவப்பு மையில் எழுதும் புடைவைக் கடைகள் அனைத்தும் அவருடைய சீடர்களே.

பாற்கட்டிக்குள் பொன்

1881ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் லிப்டன் அமெரிக்காவிலிருந்து மாபெரும் பாற்கட்டி ஒன்றை வரவழைத்தார். துறைமுகத்திலிருந்து கடைவரை அதனை இழுத்துச் செல்வதே ஒரு திருவிழாவாயிற்று. பின்னர் அதனுள்ளே தங்கப் பவுண்களைச் செருகி வைத்திருப்பதாக அறிவித்தார். மக்கள் வெள்ளம் போலத் திரண்டனர். பொலிசார் வந்து ஒழுங்கு செய்ய வேண்டியதாயிற்று. சில மணி நேரத்துக்குள் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. மற்றொரு நகரில் இவ்வாறு விற்றபோது, பொன்னை விழுங்கி யாரேனும் மூச்சடைத்து இறக்கலாமெனப் பொலிசார் ஆட்சேபித்தனர். உடனே லிப்டன், பாற்கட்டிக்குள் பொன் இருப்பதால் உண்போர் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமென்று விளம்பரம் செய்தார். அந்த எச்சரிக்கையே விற்பனையை மேலும் பெருக்கியது.

ஆயிரம் துண்டுகளில் சிலவற்றிலேயே பொன் இருக்கும் என்பதை வாங்கியோர் அறியாதவர்கள் அல்லர். ஆயினும், மிகச் சிறிய வாய்ப்பை மனம் அதன் அளவுக்கு மேலாக மதிக்கிறது. அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கும் கடையில் இன்றும் கூட்டம் நிற்பதன் காரணம் இதுவே. அன்றியும், அந்தத் துண்டை வாங்கியவன் பாற்கட்டியோடு ஓர் இரவின் நம்பிக்கையையும் சேர்த்து வாங்கினான். அதனை வெறும் மடமை என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை இல்லாதவர்களே அடிக்கடி செலுத்துகிறார்கள் என்பதுதான் வருந்தத்தக்கது.

அப்புத்தளைக்கு வந்த வணிகர்

1880களின் முடிவில் லிப்டனின் கடைகள் பிரித்தானியாவெங்கும் நூற்றுக்கணக்கில் பெருகியிருந்தன. அப்பொழுதுதான் அவர் பார்வை தேயிலையின் மீது விழுந்தது. இறாத்தல் மூன்று ஷில்லிங் வரை விற்ற தேயிலையை, இடைத்தரகரை நீக்கி, ஒரு ஷில்லிங் ஏழு பென்ஸுக்கு விற்கலாம் எனக் கண்டார். 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். அதற்கு முன், 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயினால் கோப்பித் தோட்டங்கள் பாழாகி, துரைமார் பலர் கடனில் மூழ்கி, நிலங்கள் மலிந்த விலைக்கு வந்திருந்தன. லிப்டன் ஊவாவின் அப்புத்தளைப் பகுதியில் தம்பேத்தன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். மலையுச்சியிற் பறித்த கொழுந்தைக் கம்பி வழியே கீழே தொழிற்சாலைக்கு இறக்கும் வசதியும் செய்தார்.

தேயிலையை அவர் விற்ற முறையே அவருடைய தலைசிறந்த சாதனை. அதுவரை தேயிலை பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கப்பட்டது. நிறையிலும் தரத்திலும் கடைக்காரனை நம்ப வேண்டியிருந்தது. லிப்டன் ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று பொதிகளாகக் கட்டி, நிறையையும் பெயரையும் மேலே அச்சிட்டார். வாங்குபவனின் அச்சம் நீங்கியது. ஒவ்வொரு நகரின் தண்ணீருக்கும் ஏற்றவாறு கலந்த தேயிலை என்று விளம்பரம் செய்தார். தன் ஊர்த் தண்ணீருக்கென்றே தயாரான பொருளை யார் வேண்டாம் என்பார்?

எல்லாவற்றுக்கும் மேலாக, தமது தோட்டத்திலிருந்து நேரே வாங்குபவரின் தேநீர்க் கெண்டிக்கே தேயிலை வருகிறது என்ற எண்ணத்தை அவர் பரப்பினார். கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் அவருடைய விளம்பரங்களில் இடம்பெற்றது. உண்மையில், அவர் விற்ற தேயிலையின் மிகப் பெரும் பகுதி வேறு தோட்டங்களிலிருந்து வாங்கப்பட்டதே. அவருடைய சொந்தத் தோட்டங்கள் தந்தது சிறு பகுதி. ஆனால் கதை முழுமையாக இருந்தது. கண்முன் உள்ளதை வைத்தே மனம் ஒரு முழுக் கதையைக் கட்டிவிடும், காணாததைப் பற்றிக் கேட்கத் தோன்றாது என்பது கானமன் வற்புறுத்திய கருத்து. கிளாஸ்கோவில் பொதியைக் கையிலெடுத்த ஏழைப் பெண், தன்னைப் போன்ற ஓர் ஏழைப் பெண்ணின் படத்தைக் கண்டாள். அவள் சிரித்த முகத்துடன் இருந்தாள். அவளுடைய கூலி எவ்வளவு என்பது பொதியில் அச்சிடப்படவில்லை.

நடுநிலையுடன் ஒன்று சொல்ல வேண்டும். லிப்டன் கலப்படம் விற்றவர் அல்லர். அவரால் உழைப்பாளர் வீடுகளில் நல்ல தேநீர் மலிந்தது. இடைத்தரகர் கொள்ளையை ஒழித்தது நன்மையே. அவர் வாங்குபவரின் மனத்தை அறிந்து அதற்கேற்பக் கடை நடத்தினார். அதனைக் குற்றமென்று நான் கூறவில்லை. ஆனால், எதைக் கண்ணுக்குக் காட்டுவது என்று தீர்மானிப்பவன், எதைக் காட்டாது விடுவது என்பதையும் தீர்மானிக்கிறான்.

பொதியின் மறுபுறம்

மறைந்திருந்த அந்த மறுபுறத்தையும் நாம் பார்ப்போம். தேயிலை பறித்தவளுடைய வீட்டிலும் ஒரு கணக்கு நடந்தது. அதனை எழுதியவர் லிப்டன் அல்லர், கங்காணி. இது எந்த ஒரு தோட்டத்துக்கும் மட்டும் உரியதன்று. மலைநாடெங்கும் இருந்த வழக்கம்.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முற்பணத்துடனேயே தொழிலாளியின் இலங்கை வாழ்வு ஆரம்பமாயிற்று. பழைய கடன் தீர்க்க, வழிச் செலவுக்கு, புதுத் துணிக்கு என்று வாங்கிய தொகை அது. இன்று கையில் விழும் வெள்ளிக்காசு கண்ணைப் பறிக்கும். அடுத்த ஆண்டு உழைத்துத் தீர்க்க வேண்டிய கடன் பனிமூட்டத்துள் இருக்கும். இது மனித மனத்தின் பொது இயல்பு. கூலிக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்துக்கு வந்த பின்னர் அரிசி தோட்டத்தில் வழங்கப்பட்டு, அதன் விலை சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. கடைச் சாமான் பற்றில் வந்தது. காசு கையால் தொடப்படாமலே செலவாயிற்று. எண்ணிக் கொடுக்கும்போது உண்டாகும் வலியே செலவைக் கட்டுப்படுத்தும் கடிவாளம் என்று இக்கால ஆராய்ச்சியாளர் கூறுவர். அந்தக் கடிவாளம் தொழிலாளியின் கையில் கொடுக்கப்படவேயில்லை.

கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிப்பதாக அதில் கண்டிருக்கும். புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களை எடுக்கும். கடன் ஆட்களின் தலைமேலேயே தொடரும். கடன் எவ்வளவு என்பது கங்காணியின் ஏட்டில் இருந்தது. அந்த ஏட்டை வாசிக்கக் கடனாளிக்குத் தெரியாது. லிப்டன் தம் பொதியில் நிறையை அச்சிட்டு வாங்குபவரின் ஐயத்தைத் தீர்த்தார். பறித்தவளின் கணக்கில் அவ்வாறு எதுவும் அச்சிடப்படவில்லை. இவ்விரு ஏடுகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்ப்பதே இந்த வாழ்க்கை வரலாற்றை வாசிக்கும் முறை என்பது என் கருத்து.

துண்டு முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தினால் தடை செய்யப்பட்டது. அக்காலத்திலேயே தஞ்சாவூரில் வணிகப் பத்திரிகை நடத்திவந்த கோ. நடேசையர் இலங்கைக்கு வந்தார். அந்நியர் தோட்டங்களுக்குள் புக முடியாதிருந்தமையால், புடைவை வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். விற்பவனுக்குத் திறக்கும் கதவு கேட்பவனுக்குத் திறப்பதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னர் பத்திரிகை வாயிலாகவும் 1925 முதல் சட்டசபையிலும், 1931ஆம் ஆண்டில் தாம் அமைத்த தொழிற்சங்கத்தின் மூலமும் அவர் செய்த பணி யாவரும் அறிந்ததே. 1927ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து 1929இல் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தபோது, உயர் மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயிக்கப்பட்டது. விளம்பரத்தில் தோன்றிய பெண்ணின் விலை முதன்முறையாகச் சட்டத்தில் அச்சிடப்பட்டது. ஆணுக்குச் சமமான கூலி அவளுக்கு 1984ஆம் ஆண்டில்தான் கிடைத்தது.

தோல்வியும் புகழும்

லிப்டனின் பிற்கால வாழ்வுக்கு வருவோம். 1897ஆம் ஆண்டில் விக்ரோறியா மகாராணியின் அறுபதாண்டு விழாவின்போது, இலண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்கும் நிதிக்கு 25,000 பவுண் வழங்கினார். அடுத்த ஆண்டில் சேர் பட்டம் பெற்றார். அதே 1898இல் அவருடைய வியாபாரம் பங்குக் கம்பெனியாக மாறியபோது, வழங்க இருந்த பங்குகளைப் போலப் பன்மடங்கு தொகைக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. பாற்கட்டிக்காகத் திரண்ட கூட்டம்தான் இப்பொழுது பங்குச் சீட்டுக்காகத் திரண்டது. பலர் வாங்குவதைக் கண்டு தானும் வாங்குவது ஏழைக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து தடவைகள் அவர் ஷம்றொக் என்னும் பெயருடைய பாய்க்கப்பல்களைக் கட்டி, அமெரிக்காவின் புகழ்பெற்ற கிண்ணத்துக்காகப் போட்டியிட்டார். ஐந்திலும் தோற்றார். பெரும் பொருள் செலவாயிற்று. பிறர் மனத்தை அளந்த மனிதர் தம் மனத்தை அளக்கத் தவறினார் போலும். போன பணத்தை எண்ணி மேலும் பணத்தைப் போடும் சூதாடியின் நிலை அவருக்கும் நேர்ந்தது என்று சிலர் கருதலாம். மறுபுறம், முகம் வாடாமல் தோற்ற அவரை அமெரிக்க மக்கள் நேசித்தனர். இறுதியில் பொதுமக்கள் பணம் சேர்த்துப் பொற்கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தனர். அந்த நேசத்தினால் அவருடைய தேயிலையின் பெயரும் அந்நாட்டில் பரவியது. ஆகவே அது நட்டமா இலாபமா என்பது எந்த ஏட்டில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது.

1914ஆம் ஆண்டில், இராணுவ உணவுச்சாலைகளுக்குச் சாமான் வழங்கும் விடயத்தில் லஞ்சம் கொடுத்தமைக்காக அவருடைய கம்பெனி அலுவலர் சிலர் வழக்கில் தண்டிக்கப்பட்டமை அவர் பெயருக்குக் களங்கமாயிற்று. 1920களில் வியாபாரம் தளர்ந்து, 1927ஆம் ஆண்டளவில் கம்பெனியின் ஆட்சி பிறர் கைக்குப் போயிற்று. மணம் செய்துகொள்ளாத அவர் 1931ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் காலமானார். செல்வத்தின் பெரும் பகுதியைத் தாம் பிறந்த நகரத்தின் ஏழைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விட்டுச் சென்றார். அவர் உடல் கிளாஸ்கோவில் அவருடைய பெற்றோரின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

யாருடைய பிழை?

இவ்வரலாற்றைக் கற்று முடிப்பவர்கள் ஒரு தவறான முடிவுக்கு வருதல் கூடும். மனம் பிழை செய்கிறது. ஏழையின் மனம் அதிகம் பிழை செய்கிறது. ஆகவே அவன் ஏழையாக இருக்கிறான் என்பதே அம்முடிவு. தோட்டத் தொழிலாளியைப் பற்றி இவ்வாறு பேசுவோரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். சம்பளத்தைச் சேமிக்கத் தெரியாதவன், திருவிழாவிலும் சாராயத்திலும் கரைப்பவன் என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர்.

2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை தருகிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்தனர். கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்திய நாட்களில், அதே மனிதர்கள் சிந்தனைச் சோதனைகளிற் குறைந்த திறமையையே காட்டினர். கரும்பு விற்றுக் கையில் பணம் வந்த பின் அவர்களுடைய திறமை உயர்ந்தது. மனிதர் மாறவில்லை, மடி மாறியது. நெருக்கடி மனத்தின் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும்போது, நாளையை எண்ணுவதற்கு இடம் எங்கே?

அன்றியும், பிழை போலத் தோன்றும் யாவும் பிழையல்ல. ஐம்பது கிராம் தேயிலைத் தூள் வாங்குபவள் பெரிய பொதி மலிவென்பதை அறியாதவள் அல்லள். அவளுடைய கையில் ஐம்பது கிராமுக்கே காசு இருக்கிறது.

எங்கள் மீரியபெத்தவின் துயரத்தையும் இந்த இடத்திலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் மறைந்தன. பல உயிர்கள் மாண்டன. மண்சரிவு அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கை இருந்தது என்ற செய்தி வெளியானதும், எச்சரித்தும் ஏன் போகவில்லை என்று பலர் கேட்டனர். இதுவரை நேராதது இனியும் நேராது என்று மனம் தன்னைத்தானே ஆற்றிக்கொள்வது உண்மை. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் போவதற்கு இடம் எங்கே இருந்தது என்ற கேள்வியைக் கேட்டோர் சிலரே. லயத்து அறை தோட்டத்துக்குரியது. தொழிலாளியின் பெயரில் அன்று ஒரு பேர்ச் நிலமும் இருக்கவில்லை. தெரிவு செய்ய இரண்டு வழிகள் இருந்து, தவறானதைத் தெரிந்தவனையே பிழை செய்தவன் எனலாம். ஒரே வழியில் நிறுத்தப்பட்டவனைப் பிழை செய்தவன் என்பது நீதியன்று. மண்ணுக்குள் போனவர்கள் இதற்கு விடை கூற வரமாட்டார்கள். உயிரோடிருக்கும் நாம்தான் கூற வேண்டும்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவருக்குச் சிக்கனத்தைக் கற்பியுங்கள்; முதலிற் கேட்ட விலை மனத்தைப் பிணிக்கும், கொப்பியிற் போகும் காசு வலிக்காது, சிறு வாய்ப்பு பெரிதாகத் தோன்றும் என்பவற்றையெல்லாம் லிப்டனின் வாழ்க்கையைக் கொண்டே சுவைபடச் சொல்லுங்கள். அத்துடன் நின்றுவிடாதீர்கள். இந்தப் பொதியில் எதை அச்சிட்டார்கள், எதை அச்சிடவில்லை, இந்தக் கணக்கை எழுதியவர் யார், வாசிக்க முடியாதவர் யார் என்று கேட்கவும் அவர்களைப் பழக்குங்கள். தன் செலவுக் கணக்கைத் தானே எழுதவும் வாசிக்கவும் வல்ல பிள்ளை தன் மனத்தின் பிழையைத் திருத்திக்கொள்வதோடு, பிறர் எழுதிய ஏட்டின் பிழையையும் கண்டுகொள்ளும். நமது மலைகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தேவைப்பட்டது இந்தக் கணக்குத்தான்.